பசியும் கோபமும்

ஓய்வூதியக் கணக்கையும் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு பெரும்பாலோர் உட்கார்ந்திருக்கும் வயதில், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, இத்தாலிய எழுத்தாளர் ஆந்திரேயா கமில்லேரி தன் முதல் துப்பறியும் நாவலை வெளியிட்டார். அது 1994. 2019 ஜூலை 17 அன்று ரோம் நகரத்து மருத்துவமனையில் 93 வயதில் கண்மூடும்வரை அவர் அந்தத் தொடரை நிறுத்தவில்லை. சிசிலித் தீவில் விகாத்தா என்று ஒரு கற்பனை ஊர். அங்கே காவல்துறை அதிகாரி சால்வோ மோந்தல்பானோ. இந்த ஆளை வைத்து 28 நாவல்கள். சிறுகதைத் தொகுப்புகள் தனிக் கணக்கு. அவற்றுக்கு வெளியே வரலாற்று நாவல்கள், நாடகக் கட்டுரைகள், நினைவுக்குறிப்புகள் என்று எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும்.

மரணச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, சுயநலம். இனி ஆண்டுக்கு ஒன்று வராதே என்ற பதற்றம். நல்லவேளையாக, இத்தாலியில் வெளியான புத்தகம் ஆங்கிலத்துக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஸ்டீபன் சார்தரெல்லியின் மொழிபெயர்ப்பையே நம்பியிருந்த என் போன்றவர்களுக்கு, ஆள் போன பிறகும் 2021 வரை புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசிப் புத்தகத்தையும் முடித்து, முதலிலிருந்து இன்னொரு சுற்றும் படித்த பிறகுதான் இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தேன். தாமதம்தான். ஆனால் அவரும் எதையும் காலாகாலத்தில் செய்தவர் இல்லை.

மோந்தல்பானோவுக்கு இரண்டு குணங்கள் முக்கியம். ஒன்று பசி, இன்னொன்று கோபம். பசி என்றால் சாதாரணப் பசி அல்ல. மீன் புதிதாக இல்லையென்றால் அன்றைய நாளே கெட்டுப்போகும் அளவுக்குப் பசி. கோபமும் அப்படித்தான். மேலதிகாரி மீது, மந்திரி மீது, ஊர்ப் பெரியமனிதர் மீது, தொலைக்காட்சியில் உதட்டைக் குவித்துக்கொண்டு பொய் சொல்லும் செய்தியாளர் மீது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மீது. 28 புத்தகங்களிலும் கொலைகாரர்கள் மாறுகிறார்கள், கொலைக்கான காரணங்கள் மாறுகின்றன, அதிகாரிக்கு வயதாகிறது, கண்ணாடி தேவைப்படுகிறது, முழங்கால் வலிக்கிறது. அந்த இரண்டும் மட்டும் குறைவதில்லை. கோபம் வயதோடு கூடவும் செய்கிறது. கமில்லேரியின் எழுத்தில் துப்பறிதல் என்பது இந்த இரண்டையும் சுமந்து செல்கிற வண்டி மட்டுமே என்று நான் நினைக்கிறேன்.

பசியிலிருந்து தொடங்குகிறேன். மோந்தல்பானோ சாப்பிடும்போது பேசமாட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசினாலும் பொறுக்கமாட்டார். வழக்கைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுப்பவரைப் பார்வையாலேயே அடக்குவார். துறைமுக ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் முதலில் கடல் உணவுகளின் தட்டு, பிறகு பாஸ்தா, பிறகு வறுத்த சிறுமீனோ சுட்ட மீனோ. சாப்பிட்டு முடித்ததும் செரிப்பதற்காகத் துறைமுகச் சுவரின் மீது கலங்கரை விளக்கம்வரை நடந்துபோய், அங்கே ஒரு தட்டையான பாறையில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பார். காலடியில் ஓடும் நண்டோடு ஓரிரு வார்த்தை பேசுவதும் உண்டு. வழக்கின் முடிச்சு பல சமயம் அந்தப் பாறையில்தான் அவிழும்.

கல்லூரி நாட்களில் பஸ் நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல்களில் வளர்ந்தவன் நான். அவற்றில் துப்பறிவாளர்கள் காபி குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள், சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால் கமில்லேரியைப் படித்தபோது ஏற்பட்ட விளைவு எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு மாலை புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், மீன் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னடா, கொலைக் கதை படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய், பசியோடு திரும்பி வருகிறாய்?" என்றார். "அம்மா, இதில் கொலையைவிடக் குழம்புதான் அதிகம்" என்றேன். அவருக்கு அது நல்ல புத்தகத்துக்கான அடையாளமாகத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த முறை நான் எதுவும் கேட்காமலே, "அந்த இத்தாலிக்காரர் இன்றைக்கு என்ன சாப்பிட்டார்?" என்று விசாரித்தார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டது அரான்சீனி. சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் இறைச்சி வைத்து, எண்ணெயில் பொரிப்பது. மோந்தல்பானோவின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அதெலீனா அம்மாள் இதைச் செய்ய இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். முதல் நாள் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து ஒதுக்கி வைக்க வேண்டும். மறுநாள் குங்குமப்பூ போடாமல் வெள்ளையாகச் சோறு வடித்து, பளிங்குப் பலகையில் கொட்டி ஆறவிட வேண்டும். பச்சைப் பட்டாணி தனியாக. கமில்லேரி ஒரு சிறுகதையில் இதை ஒரு பக்கத்துக்கு நிதானமாகச் சொல்கிறார். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சமையல் குறிப்பு அல்ல, அந்த வீடு. அதெலீனாவுக்கு இரண்டு மகன்கள். இருவரும் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருப்பவர்கள். அவர்களில் ஒருவனைப் பிடித்து உள்ளே தள்ளியதே மோந்தல்பானோதான். அவனுடைய குழந்தைக்கு ஞானத் தந்தையும் அவரேதான். காதலி லீவியா புத்தாண்டுக்குப் பாரிஸ் போகலாம் என்று அழைக்க, இவருக்கோ போலீஸ் தேடிக்கொண்டிருக்கும் ஒருவனின் தாய் வீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரான்சீனி சாப்பிட வேண்டும். சட்டம் ஒரு பக்கம், சாப்பாட்டு மேசை ஒரு பக்கம் என்றால் கமில்லேரி தயங்காமல் மேசைப் பக்கம் உட்காருவார்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொன்னால்தான் கோபத்தின் கதை புரியும்.

சிசிலியின் தென்கரையில், அக்ரிஜெந்தோ நகரத்துக்குக் கீழே, போர்த்தோ எம்பேதோக்லே என்ற துறைமுக ஊரில் 1925 செப்டம்பர் 6 அன்று பிறந்தார். சிறுவயதில் ஆயர் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே இருக்கப் பிடிக்காமல், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் சிலுவை மீது முட்டை எறிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம்பிக்கை வீண்போகவில்லை, அனுப்பிவிட்டார்கள். 1943-இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும். குண்டுவீச்சின் காரணமாகத் தேர்வே நடக்காமல் தேர்ச்சி அறிவித்துவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. அந்த 1943, ஐம்பது ஆண்டுகள் கழித்து அவருடைய இரண்டாவது மோந்தல்பானோ நாவலில் ஒரு குகைக்குள் இருந்து வெளியே வந்தது: கட்டியணைத்தபடி இறந்து கிடக்கும் இளம் காதலர் இருவர், அருகே ஒரு மண்பானை, நாணயங்கள் போட்ட ஒரு கிண்ணம், காவலுக்குச் சுடுமண் நாய் ஒன்று. யாரும் புகார் கொடுக்காத, யாரையும் கைது செய்ய முடியாத அந்த வழக்கின் பின்னால் மோந்தல்பானோ பித்துப்பிடித்தவராக அலைகிறார். குகைத் தூங்குவோர் பற்றிய பழங்கதை, அது குர்ஆனில் வரும் வடிவம் என்று புத்தகம் எங்கெங்கோ போகிறது. தொடரில் மிக அழகான நாவல் அதுதான்.

போருக்குப் பின் ரோம். நாடகக் கழகத்தில் இயக்குநர் பயிற்சி. நாடகாசிரியர் பெக்கெட்டை இத்தாலிய மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். கம்யூனிஸ்ட் என்பதால் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தில் வேலை முதலில் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அங்கே 1960-களில் ஜார்ஜ் சிமெனோன் எழுதிய துப்பறிவாளர் மேக்ரேயின் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது இவர் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தார். திரைக்கதை எழுதிய தியேகோ ஃபாப்ரி, நாவலின் பக்கங்களைக் கிழித்து, கலைத்து, காட்சிகளாக வேறு வரிசையில் அடுக்கிப் பார்ப்பாராம். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தே துப்பறியும் கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டதாகக் கமில்லேரி பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். கடிகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன் பிரித்துப் போட்ட கடிகாரத்தைப் பார்த்துத் தொழில் படிப்பதைப் போல.

படித்தார், ஆனால் எழுதவில்லை. 1968 வாக்கில் முடித்த முதல் நாவலைப் பத்து ஆண்டுகள் எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை. சிசிலிப் பேச்சும் இத்தாலியமும் கலந்த, அவர் வீட்டில் அப்பா அம்மா பேசிய அதே நடையில் அது இருந்தது. கடைசியில் 1978-இல், ஆசிரியர்களிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம், இவரிடம் காசு வாங்காமல் அச்சிட்டது. அதற்கு ஒரு நிபந்தனை: நாவல் தொலைக்காட்சிக்குப் போகும்போது பெயர்ப் பட்டியலில் எங்கள் பெயரையும் போட வேண்டும். 53 வயதில் ஒரு எழுத்தாளரின் அறிமுகம் இப்படி. அதன் பிறகும் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பாலெர்மோவின் செல்லேரியோ பதிப்பகம் மட்டும் விடாமல் நம்பியது. அவர்களுடைய கையடக்கமான அந்த நீலப் புத்தகங்களில்தான் மோந்தல்பானோ பிறந்தார்.

பிறந்ததும் ஒரு பயிற்சிக்காகத்தான். வரலாற்று நாவல்களை அவர் ஒழுங்காக முதலிலிருந்து எழுதுவதில்லை. ஏதாவது ஒரு காட்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் பரவுவார். ஒரு நாவலை முதல் அத்தியாயத்தில் ஆரம்பித்துக் கடைசி அத்தியாயத்தில் முடிக்கத் தன்னால் முடியுமா என்று பார்க்க விரும்பினார். துப்பறியும் கதை ஒரு கூண்டு, அதற்குள் எழுத்தாளன் ஏமாற்ற முடியாது என்று சிசிலியின் இன்னொரு பெரும் எழுத்தாளரான லெயோனார்தோ ஷாஷா சொன்னது நினைவில் இருந்தது. ஆகவே கூண்டைத் தானே அளந்து செய்தார்: 18 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்குப் பத்துப் பக்கம், மொத்தம் 180. தொடரின் பெரும்பாலான புத்தகங்கள் அந்த அளவில்தான். கதாநாயகனுக்குப் பெயர் வைத்தது ஸ்பானிய எழுத்தாளர் மானுவேல் வாஸ்கேஸ் மோந்தல்பானுக்கு நன்றி சொல்வதற்காக. சிசிலியில் அது சாதாரணமாக வழங்கும் குடும்பப் பெயரும்கூட. இரண்டு புத்தகங்களோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தார். வாசகர்கள் விடவில்லை. மற்ற பாத்திரங்களையெல்லாம் பிறக்கவிடாமல் கொன்றுபோடும் தொடர் கொலைகாரன் இந்த மோந்தல்பானோ என்று பிற்பாடு அவர் அலுத்துக்கொண்டதில் பொய் இல்லை.

முதல் நாவலின் முதல் பக்கங்களைத் திரும்பப் பாருங்கள். விடியற்காலையில் இரண்டு பேர் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே நிலஅளவைப் படிப்பு முடித்தவர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், சிபாரிசு பிடித்து, தற்காலிகமாக இந்தத் துப்புரவு வேலையில் சேர்ந்தவர்கள். காருக்குள் கிடக்கும் சடலத்தை அவர்கள்தான் பார்க்கிறார்கள். இறந்தவர் யார் என்று தெரிந்ததும் போலீசுக்கு அல்ல, அவருடைய அரசியல் கூட்டாளியான வக்கீலுக்குத்தான் முதலில் தொலைபேசி செய்கிறார்கள். அந்தச் சில பக்கங்களில் சடலத்தைவிட என்னைத் தாக்கியது அந்தச் சிபாரிசுதான். குப்பை அள்ளுவதற்கும் சிபாரிசு தேவைப்படும் ஊர் எது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களில் ஒருவனுக்கு நோயாளிக் குழந்தை. அங்கே கிடந்த விலையுயர்ந்த சங்கிலியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறான். மோந்தல்பானோ அதைக் கண்டுபிடிக்கிறார். கைது செய்யவில்லை. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்து அதற்கான வெகுமதியை முறையாக அவன் பெறும்படி வழி செய்கிறார். கதை முழுக்க இப்படிச் சட்டத்தின் ஓரத்தில் நின்று நியாயங்களைச் சரிசெய்துகொண்டே போகிறவரிடம், கடைசியில் லீவியா, அதிகாரியிலிருந்து கடவுளாக நீயே உனக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டாய், நாலாந்தரக் கடவுள்தான், ஆனாலும் கடவுள் என்கிற அர்த்தத்தில் சொல்வாள். மோந்தல்பானோவைப் பற்றி யார் எழுதிய விமர்சனமும் அந்த ஒரு பேச்சைத் தாண்டவில்லை.

சிசிலி என்றதும் மாஃபியாவைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர்கள் இருக்கிறார்கள், ஊரின் இரண்டு குடும்பங்களாக, பின்னணியில். நடுமேடையில் அல்ல. மாஃபியாக்காரனை முக்கியப் பாத்திரமாக்கினால், எழுதுகிறவன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவன் நாயகன் ஆகிவிடுகிறான் என்பது கமில்லேரியின் கட்சி. 'காட்ஃபாதர்' படத்தை அதற்குச் சாட்சியாகச் சொல்வார். ரவுடியைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நம் சினிமா ரசிகர்கள் இதைக் கேட்டு வருத்தப்படலாம்.

இனி கோபம். 2001 ஜூலையில் ஜெனோவா நகரத்தில் எட்டு வல்லரசுகளின் மாநாடு நடந்தது. எதிர்த்துப் போராட வந்தவர்கள் இரவு தங்கியிருந்த தியாஸ் பள்ளிக்குள் போலீஸ் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எலும்பு முறிய அடித்தது. அதை நியாயப்படுத்த, இரண்டு பெட்ரோல் குண்டுப் புட்டிகளைப் போலீசாரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கே கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். நீதிமன்றங்களில் பின்னாளில் நிரூபணமானது இது. கமில்லேரி போலீஸ்காரரை நாயகனாக வைத்து எழுதுகிறவர். அவருடைய நாயகன் இந்த நாட்டின் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறான். கற்பனை ஊர் என்று தப்பித்துக்கொண்டிருக்கலாம். அவர் செய்யவில்லை. 2003-இல் வந்த ஏழாவது நாவல், மோந்தல்பானோ தூக்கம் கெட்டு, ராஜினாமா செய்துவிடுவது என்று முடிவெடுப்பதில் தொடங்குகிறது. ஏதோ ஓர் அதிகாரி கெட்டவன் என்பதால் அல்ல. சாட்சியத்தைத் தாங்களே தயாரித்த துறையில் தானும் ஒருவன் என்ற அருவருப்பில்.

மனசைத் தேற்றிக்கொள்ளக் கடலில் நீந்தப் போகிறார். நீந்திக்கொண்டிருக்கும்போது கை ஒரு சடலத்தின் மீது படுகிறது. அதைத் தன் நீச்சல் உடையாலேயே கட்டி இழுத்துக்கொண்டு நிர்வாணமாகக் கரைசேரும் காட்சியில் அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும். அதே புத்தகத்தில் அவருடைய வழக்கமான சாப்பாட்டுக்கடையும் மூடிவிடுகிறது. உரிமையாளருக்கு உடம்பு முடியவில்லை. துறை மீது இருந்த மதிப்பும் போயிற்று, மதியச் சாப்பாடும் போயிற்று. இரண்டையும் ஒரே புத்தகத்தில் பறித்துவிட்டு, ஆள் என்ன செய்கிறான் என்று பார்க்கிறார் கமில்லேரி.

அடுத்து வருவதைச் சொல்லிவிடுகிறேன்; கதையைச் சொல்லிவிட்டான் என்று கோபிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒரு இரவு துறைமுகத்தில் கடலோரக் காவல் படகுகள் அகதிகளைக் கொண்டுவந்து இறக்குகின்றன. கூட்டத்திலிருந்து ஒரு சிறுவன் நழுவி ஓடி இருட்டில் ஒளிந்துகொள்கிறான். மோந்தல்பானோ தேடிக் கண்டுபிடிக்கிறார். எதிரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, கையை நீட்டுகிறார். பையன் கொஞ்ச நேரம் அவர் கண்ணையே பார்க்கிறான். பிறகு கையைக் கொடுக்கிறான். பரிவோடு நடத்திக் கூட்டிவந்து, தாயென்று சொல்லிக்கொண்ட பெண்ணிடம் ஒப்படைக்கிறார். சில நாட்களில் அந்தப் பையன் வண்டி மோதி இறந்துபோனது தெரியவருகிறது. மோதியது விபத்து அல்ல. அவள் தாய் அல்ல. அவர்கள் குழந்தைகளை விற்கும் கூட்டம். பையன் எதிலிருந்து ஓடினானோ, அதனிடமே இவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தக் கண்கள் கெஞ்சியதை இவர் படிக்கத் தவறிவிட்டார். அதற்குப் பிறகு புத்தகத்தில் துப்பறிதல் என்று எதுவும் இல்லை, ஒரு மனிதன் தன்னைத் தண்டித்துக்கொள்வது மட்டும்தான். குற்றக் கதை என்ற வடிவத்தில் நான் படித்தவற்றில் இதற்கு இணையாக நெஞ்சை அறுத்த இடம் அதிகம் இல்லை. மத்தியதரைக் கடலின் படகுகளைப் பற்றி ஐரோப்பாவின் பெரிய இலக்கியவாதிகள் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கடற்கரைப் பயணத்தில் படிக்கிற புத்தகம் என்று தள்ளப்பட்ட ஒன்றில் இது நடந்துவிட்டது.

சிரிப்பையும் சொல்ல வேண்டும். காவல் நிலையத் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கும் காத்தரெல்லா ஒரு பெயரையும் சரியாகச் சொன்னதில்லை. கதவைத் திறந்தால் சுவரில் மோதாமல் திறந்ததில்லை. மோந்தல்பானோவின் கீழ் வேலை பார்க்கும் ஃபாட்ஸியோ எதைச் சொல்ல வந்தாலும் சம்பந்தப்பட்டவரின் தாய் தந்தை பெயர், பிறந்த தேதி என்று பத்திரப்பதிவு அலுவலகம்போல ஆரம்பிப்பான்; இன்னும் ஒரு தேதி சொன்னால் அந்தத் தாளை உன் வாயில் திணிப்பேன் என்பார் மோந்தல்பானோ. பிரேதப் பரிசோதனை டாக்டர் பஸ்குவானோவிடம் தகவல் வாங்க வேண்டுமென்றால் பெட்டி நிறையக் கன்னோலி இனிப்போடு போக வேண்டும், அதுவும் அவர் முந்தின இரவு சீட்டாட்டத்தில் தோற்காமல் இருந்திருக்க வேண்டும். மேடை நாடகத்தில் நாற்பது ஆண்டு ஊறியவர் என்பது இந்த உரையாடல்களில் தெரியும். யார் எப்போது உள்ளே வர வேண்டும், எந்த வசனத்தில் கதவு சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

குறை இல்லாமல் இல்லை. பதினைந்தாவது புத்தகத்துக்கு மேல், ஐம்பதைத் தாண்டிய அதிகாரி மீது இளம் அழகிகள் ஆண்டுக்கொருத்தியாக விழுவது அலுப்பூட்டுகிறது. கனவில் தொடங்கும் முதல் அத்தியாயங்கள், லீவியாவோடு தொலைபேசியில் அதே சண்டை, அதே சமாதானம். லீவியாவை அவர் நியாயமாக நடத்தவே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. வடக்கே ஜெனோவாவில் தனியே உட்கார்ந்துகொண்டு, சமைக்கத் தெரியாதவள் என்ற பட்டத்தோடு, அந்தப் பெண் இத்தனை ஆண்டு ஏன் காத்திருந்தாள் என்று ஒரு புத்தகமாவது அவள் பக்கத்திலிருந்து எழுதியிருக்கலாம். தின்பண்டம் திருடிப் பிழைத்த துனீசியச் சிறுவன் ஒருவனை அவள் தன் பிள்ளையாக வளர்க்க ஆசைப்பட்ட மூன்றாவது நாவலும், அந்த ஆசை என்னவாயிற்று என்று 2012-இல் வந்த ஒரு நாவல் சொல்வதும் அவளுக்கு நடந்த அநியாயத்தின் இரண்டு முனைகள்.

தொலைக்காட்சித் தொடர் 1999-இல் தொடங்கியது. நாயகனாக நடித்த லூகா ட்ஸிங்கரெத்தி, நாடகக் கழகத்தில் கமில்லேரியிடமே படித்த மாணவர். புத்தகத்து மோந்தல்பானோவுக்குத் தலை நிறைய முடியும் மீசையும் உண்டு. திரையில் வந்தவருக்கு மொட்டைத் தலை. இருந்தும் உலகம் அந்த மொட்டைத் தலையைத்தான் ஏற்றுக்கொண்டது. போர்த்தோ எம்பேதோக்லே தன் பெயரோடு 2003-இல் விகாத்தாவையும் ஒட்டவைத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் கழற்றிவிட்டது. படப்பிடிப்பு நடந்ததோ தீவின் இன்னொரு மூலையில், ரகூசாப் பக்கம். பிறந்த ஊருக்குப் பெயர், வேறொரு மாவட்டத்துக்குச் சுற்றுலாப் பணம்.

கடைசி ஆண்டுகளில் கண்ணழுத்த நோயால் பார்வை முழுவதும் போயிற்று. 2016-இல் வந்த நாவல், பார்வை போன பிறகு உதவியாளருக்குச் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அது தொடங்குவதும் இரவுதோறும் படகில் வந்திறங்கும் அகதிகளோடுதான். 2018 ஜூனில், 92 வயதில், சிராகூசாவின் பழைய கிரேக்க அரங்கில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குருட்டு ஞானி தைரேசியஸின் கதையைத் தன் கதையாகச் சொன்னார். அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்திருக்கிறேன். குரல் புகையிலையால் கரகரத்துப்போயிருந்தது. ஆனால் எங்கே நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும் என்பது அந்தக் குரலுக்கு இன்னும் தெரிந்திருந்தது. மறு ஆண்டு ஜூனில், மாரடைப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, உள்துறை மந்திரி மத்தேயோ சல்வீனி பொதுக்கூட்டத்தில் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டுவதைப் பற்றிக் கேட்டபோது, பார்த்தால் குமட்டுகிறது என்று வானொலியில் சொன்னார். சிலுவை மீது முட்டை எறிந்த பையன்தான் இதையும் சொன்னது என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜூலை 15 அன்று ரோமின் காரகல்லா குளியலகச் சிதைவுகளில் காயீனின் தற்காப்பு வாதத்தை அவரே மேடையேற்றுவதாக இருந்தது. உலகின் முதல் கொலைகாரனுக்கு வக்காலத்து! அதற்குள் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார்.

தொடரின் முடிவை அவர் 2005 வாக்கிலேயே எழுதிச் செல்லேரியோவிடம் கொடுத்து, தான் போன பிறகு வெளியிடச் சொல்லியிருந்தார். தங்கள் துப்பறிவாளர்களுக்கு ஒரு முடிவு எழுதிவிட வேண்டும் என்று வாஸ்கேஸ் மோந்தல்பானும் மார்செய் நகரத்து ஜான்-குளோத் இஸ்ஸோவும் இவரும் பேசிக்கொண்டது உண்டு. மற்ற இருவரும் முந்திக்கொண்டு இறந்துவிட்டார்கள். எண்பதைத் தொடும் வயதில் இவருக்குப் பயம் வந்துவிட்டது. 2016-இல் மொழியை மட்டும் திருத்தினார், கதையைத் தொடவில்லை. 2020 ஜூலையில், அவர் இறந்து ஓராண்டில், 'ரிக்கார்தீனோ' வெளியானது. அதில் எழுத்தாளர் கமில்லேரியே மோந்தல்பானோவுக்குத் தொலைபேசியில் வருகிறார். கதையை இப்படிக் கொண்டுபோ, அப்படிக் கொண்டுபோ என்று நச்சரிக்கிறார். அதிகாரி கிழவரைத் திட்டுகிறார். தன்னைவிடத் துடிப்பான தொலைக்காட்சி மோந்தல்பானோ மீது இவருக்குப் பொறாமை வேறு. சாவு இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை, கண்ணீர் விடைபெறல் இல்லை. வேறு வகை முடிவு. அதை இங்கே உடைக்க மாட்டேன். முதல் வாசிப்பில் எனக்கு அது பிடிக்கவில்லை, இவ்வளவு கெட்டிக்காரத்தனம் தேவையா என்று இருந்தது. இரண்டாவது சுற்றில், முந்தின 27 புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்துவிட்டு வந்தபோது, பொருத்தமாகவே பட்டது.

இன்னும் தொடங்காதவர்கள் வரிசையாகவே படியுங்கள். வயது ஏறுவது இந்தத் தொடரில் முக்கியம். நடுவில் நுழைந்தால் அது தெரியாது. முதல் நாவல் சற்று அவசரமானது, ஆட்கள் பெயர்கள் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருசேர வாங்கிவிடுங்கள். ஏழாவதை எட்டும்போது கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் இரண்டொன்றைத் தாண்டிப்போனாலும் பாதகமில்லை, லீவியாவுக்காக 2012-இல் வந்ததை மட்டும் விட வேண்டாம். தொலைக்காட்சித் தொடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்த்துவிட்டால் அந்த மீசை உங்களுக்குக் கிடைக்காது.